லீட் இன்ஜினியர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

ஆறேழு வருஷ அனுபவம் ஆனதும் ஒரு நாள் மெயில் வரும், இனிமேல் உங்கள் பதவி டெக் லீட், அதாவது லீட் இன்ஜினியர் என்று. சம்பளம் எவ்வளவு கூடுகிறது, எந்தத் தேதியிலிருந்து கூடுகிறது எல்லாம் அதில் இருக்கும். நாளைக் காலையிலிருந்து வேலையில் என்ன மாறுகிறது என்று மட்டும் ஒரு வரிகூட இருக்காது. வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது அந்த மெயிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இவர்கள் வீட்டில் பெரும்பாலும் அப்பா ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலோ துறைமுகத்திலோ எண்ணூர், மணலிப் பக்கத் தொழிற்சாலைகளிலோ வேலை பார்த்தவர். மேஸ்திரி என்றால் யார், ஃபோர்மேன் என்றால் யார் என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆள் பிரித்துவிடுவார், வேலை முடிந்ததா என்று சுற்றி வந்து பார்ப்பார், மேலே கணக்குச் சொல்வார். அதையே மனதில் வைத்துக்கொண்டு சாஃப்ட்வேரில் லீட் ஆகிறவர்கள் டிக்கெட்டை, அதாவது செய்ய வேண்டிய சின்னச் சின்ன வேலைகளை, ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுத்துவிட்டு மாலையில் "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்திருப்பது வேறு காரணத்துக்காக.

ஒரு குழு எடுக்கிற தொழில்நுட்ப முடிவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் லீட் இன்ஜினியர். எப்படிக் கட்டுவது, எதை இப்போதைக்கு விட்டுவிடுவது, எது உடைந்தால் என்ன செய்வது, இதெல்லாம் நேரத்தோடு முடிவாகி, ஏன் அப்படி முடிவு செய்தோம் என்பது குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்து, அவர் ஒரு வாரம் லீவில் போனாலும் வேலை நிற்காமல் ஓடுகிறது என்றால் அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். எத்தனை வரி எழுதினார், எத்தனை மீட்டிங்கில் உட்கார்ந்தார் என்பதெல்லாம் அப்புறம்தான்.

இந்தப் பதவிக்குப் பின்னால் ஒரு பழைய வாதம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஹார்லன் மில்ஸ் என்பவர், ஒரு தலைமை புரோகிராமரைச் சுற்றிக் குழுவை அமைக்கலாம் என்றார். முக்கியமான பகுதிகளை அவரே எழுதுவார், அவருக்கு ஈடாக இன்னொருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார், கோப்புகளையும் ஆவணங்களையும் ஒழுங்காக வைக்கத் தனி ஆள் இருப்பார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் பழைய செய்திகளைத் தேடித் தருகிற அமைப்பு அந்த முறையில்தான் கட்டப்பட்டது. அதே காலத்தில், 1971-இல், ஜெரால்ட் வெய்ன்பெர்க் என்ற கணினி நிபுணர் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசினார். எழுதியவருக்கு அவர் எழுதிய புரோகிராம் சொந்தச் சொத்து இல்லை, எல்லோரும் எல்லோருடையதையும் படித்துக் குறை சொல்லலாம், அதை யாரும் தன்மேல் வந்த பழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கட்சி. இன்றைக்கு ஒரு லீடிடம் இந்த இரண்டையும் சேர்த்தே எதிர்பார்க்கிறார்கள். கஷ்டமான பகுதி அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், அதே சமயம் அவரை நம்பி மட்டுமே குழு ஓடக் கூடாது. கேட்கச் சுலபமாக இருக்கும், நடைமுறையில் ஒன்று இன்னொன்றைத் தின்னப் பார்க்கும்.

ஐபிஎம் சிஸ்டம்/360 கணினிகளுக்கு இயங்குதளம் கட்டும் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், ஏற்கெனவே தாமதமாகிவிட்ட சாஃப்ட்வேர் வேலையில் ஆளைக் கூட்டினால் அது இன்னும்தான் தாமதமாகும் என்று 1975-இல் எழுதிவைத்தார். அதற்குக் கணக்கும் இருக்கிறது. 5 பேர் குழுவில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய ஜோடிகள் 10, அதே குழு 10 பேரானால் 45. புதிதாக வந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியவர் ஏற்கெனவே வேலையில் மூழ்கியிருப்பவர்தான். கிளையன்ட் கத்துகிறார் என்று பெஞ்சிலிருந்து, அதாவது வேலை ஒதுக்கப்படாமல் காத்திருக்கிறவர்களிலிருந்து, நான்கு பேரை இறக்கிவிடும்போது, அவர்கள் வந்தால் அடுத்த இரண்டு வாரம் வேகம் குறையும், பிறகுதான் கூடும் என்று எடுத்துச் சொல்ல வேண்டியது லீட். அந்த அறையில் அதைத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லாமல் போகலாம்.

நம் ஊரில் இந்தப் பதவிக்கு இன்னொரு அடுக்கும் சேர்ந்துகொண்டது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த காலத்திலிருந்து சென்னையில் பெருகியது பெரும்பாலும் வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு ஆள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் பில் போடுகிற வேலை. அதில் ஃபிரெஷருக்கு ஒரு ரேட், டெவலப்பருக்கு ஒரு ரேட், லீடுக்கு அதைவிடக் கூடுதல் ரேட். அடியில் நிறைய ஃபிரெஷர், மேலே கொஞ்சம் சீனியர் என்று பிரமிட் மாதிரி வைத்தால்தான் லாபம் நிற்கும். அதனால் ஒப்பந்தத்தில் மூன்று லீட் என்று எழுதியிருந்தால் மூன்று பேர் லீட் ஆகிறார்கள், அந்த மூன்று பேரும் அதற்குத் தயாரா என்று கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. தவறு அந்த மூன்று பேர் மேல் இல்லை. ஆனால் விளைவை அவர்கள்தான் சுமக்கிறார்கள். ஒரு வகை ஆள் கோடிங்கை அடியோடு விட்டுவிட்டு எக்செல் ஷீட்டும் ஸ்டேட்டஸ் காலுமாக ஆகிவிடுகிறார், இரண்டு வருஷத்தில் குழு என்ன எழுதுகிறது என்றே அவருக்குப் புரியாமல் போகிறது. இன்னொரு வகை, யாரையும் நம்பாமல் ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே எழுதி முடிக்கிறார். பார்க்கிறவர்கள் இரண்டாவது ஆளைத்தான் புகழ்வார்கள். எனக்கு இரண்டாவது ஆளைப் பற்றித்தான் அதிகக் கவலை, ஏனென்றால் அவரோடு இருக்கிற ஜூனியர்கள் மூன்று வருஷம் கழித்தும் ஜூனியர்களாகவே இருப்பார்கள்.

சரி, நேரத்தோடு முடிவு எடுப்பது என்றால் என்ன என்று ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்குகிறீர்கள். போனில் ஸ்கேன் செய்து 600 ரூபாய் அனுப்புகிறீர்கள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கணக்கிலிருந்து பணம் கழிந்துவிட்டதாக மெசேஜ் வருகிறது, மீன்காரம்மாவின் ஸ்பீக்கர் பெட்டியோ வாயே திறக்கவில்லை. "வர்ல கண்ணு, இன்னொரு தபா போடு" என்கிறார். மறுபடி போடலாமா? இந்தக் கேள்வியை அந்தக் கூட்டத்தில் நிற்கிற உங்கள் தலையில் கட்டாமல், எங்கோ ஒரு ஆபீஸில் ஒரு லீட் பல மாதங்களுக்கு முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டும்.

டிசைன் பேசும்போது ஒரு டெவலப்பர், "வங்கியிலிருந்து 30 விநாடியில் பதில் வரலைன்னா மறுபடியும் அனுப்பிடலாம்" என்பார். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். லீட் அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று எப்படித் தெரியும்? பணம் போய், பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால்? இரண்டாம் தடவை அனுப்புவது இரண்டாவது 600 ரூபாயாகிவிடாதா? அதற்கான வழி தெரிந்த ஒன்றுதான். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் ஆரம்பத்திலேயே மாறாத ஓர் அடையாள எண்ணைக் கொடுத்துவிட வேண்டும், அதே எண்ணோடு எத்தனை முறை கோரிக்கை வந்தாலும் ஒரே முறைதான் பணம் எடுக்க வேண்டும், மற்ற முறையெல்லாம் முதலில் என்ன நடந்ததோ அதையே பதிலாகத் திருப்ப வேண்டும். முடிவு தெரியாத பரிமாற்றத்தைத் தோல்வி என்று எழுதாமல் "நிலுவை" என்று தனியாக வைத்து, பின்னால் வங்கியிடம் கேட்டுத் தீர்க்க வேண்டும். இதை டேட்டாபேஸ் டேபிள் அமைக்கும்போதே செய்தால் அரை நாள் வேலை. லட்சம் வாடிக்கையாளர் வந்தபின் செய்ய நினைத்தால் பல மாதம் பிடிக்கும், நடுவில் யாரோ ஒருவரின் பணம் இரண்டு முறை போயிருக்கும்.

இங்கே கோடிங் அறிவு மட்டும் போதாது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, யூபிஐயில் ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் கழிந்து எதிர்ப்பக்கம் சேரவில்லை என்றால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதற்கு உறுதி வரவில்லை என்றால் 5 நாள் கெடு. அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். அந்த "நிலுவை" வரிசையை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட்டுவது என்ற முடிவு இந்த விதியிலிருந்துதான் வருகிறது. தன் குழு எந்தத் துறைக்கு எழுதுகிறதோ, அந்தத் துறையின் சட்டதிட்டம் லீடுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இதனால்தான். வங்கிக்கு எழுதினால் இது, மருத்துவமனைக்கு எழுதினால் வேறொன்று.

முடிவு எடுத்ததும் ஒரு பக்கத்துக்குள் எழுதிவைக்க வேண்டும். என்ன பிரச்சினை, என்னென்ன வழிகள் இருந்தன, எதை எடுத்தோம், எதை ஏன் விட்டோம், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த பெண் ஆறு மாதம் கழித்து "இந்த நிலுவைன்னு ஒண்ணு எதுக்கு, எடுத்துடலாமே" என்று நினைக்கும்போது அந்த ஒரு பக்கம் அவளைத் தடுக்கும், அல்லது நிலைமை மாறிவிட்டிருந்தால் தைரியமாக எடுக்கவும் விடும். இதை எழுத இங்கிலீஷ் பிரமாதமாக வர வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் பேசத் தயங்குவார்கள், ஆனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதச் சொன்னால் தெளிவாக எழுதுவார்கள். பெரிய வார்த்தையில் மூன்று பக்கம் எழுதுவதைவிட அதுதான் மேல்.

அடுத்தது ரிலீஸ், எழுதியதை நிஜமான பயன்பாட்டுக்கு வெளியிடுவது. இதில் எதிர்பார்ப்பு எவ்வளவு பாரமானது என்று தெரிய ஒரே ஒரு சம்பவம் போதும். அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்று ஒரு பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கவிருந்த ஒரு புதிய திட்டத்துக்காக 8 சர்வர்களில் புதிய புரோகிராமை ஏற்றியிருக்க வேண்டும். 7-இல் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போனது. ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி எழுத்தில் எங்கேயும் இல்லை. இதற்கு மேல், புதிய வசதியை இயக்க, பல வருஷமாக யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய வசதியின் சுவிட்சையே மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பழைய பகுதியை நீக்காமலே. காலையில் சந்தை திறந்ததும் எட்டாவது சர்வரில் அந்தப் பழையது விழித்துக்கொண்டு நிற்காமல் ஆர்டர் போட ஆரம்பித்தது. சந்தை திறக்கும் முன்பே 97 எச்சரிக்கை மெயில்கள் போயிருந்தன, யாரும் அதை எச்சரிக்கையாகப் பார்க்கவில்லை. பதற்றத்தில் சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய புரோகிராமை எடுத்துவிட்டார்கள், அதனால் அவையும் சேர்ந்து தப்பாக ஓடின. 45 நிமிடம். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் 1.2 கோடி டாலர் அபராதம் வேறு போட்டது.

இதைப் படிக்கிற எல்லோரும் அந்த ஒரு சர்வரை விட்டுவிட்ட ஆளைத்தான் முதலில் தேடுவார்கள். ஒரு லீட் பார்க்க வேண்டியது மற்றதையெல்லாம்: பழைய பகுதி ஏன் இன்னும் உள்ளே இருந்தது, ஏற்றியதை யார் சரிபார்க்கிறார்கள், அந்த மெயில்கள் யாருக்குப் போகின்றன, பழைய புரோகிராமுக்குத் திரும்பப் போவதை முன்கூட்டியே ஒத்திகை பார்த்தோமா. மனிதர் கை தவறுவது நாளைக்கும் நடக்கும். ஒருவர் கை தவறினால் கம்பெனியே கவிழ்கிற அளவுக்கு வேலைமுறையை விட்டுவைத்ததற்குத்தான் லீட் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் புரொடக்‌ஷனில் (மக்கள் நிஜமாகப் பயன்படுத்துகிற இடத்தில்) ஏதாவது உடைந்தால், சரிசெய்த பிறகு நடக்கிற பேச்சில் "யார் பண்ணது" என்று முதலில் கேட்கிற லீடிடம் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அது பெரிய நஷ்டம்.

எஸ்டிமேட், அதாவது எத்தனை நாளில் முடியும் என்று சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன், எங்கள் பிள்ளைகள் அதிகம் அடிபடுவது இங்கேதான். குடும்பத்திலேயே முதல் ஆளாக ஆபீஸ் வேலைக்குப் போனவருக்கு மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவாகத் தோன்றும். மேனேஜர் "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்பார். "பார்க்கிறேன் சார்" என்று வாயிலிருந்து வந்துவிடும். மேனேஜர் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு கிளையன்ட்டிடம் சொல்லிவிடுவார், அதற்கப்புறம் மூன்று ராத்திரி ஐந்து பேர் தூங்க மாட்டார்கள். சொல்ல வேண்டிய விதம் இப்படி இருக்கலாம்: "வெள்ளிக்கிழமை பணம் கட்டுற பகுதியைத் தந்துடறோம் சார். ரீஃபண்ட் அடுத்த புதன்கிழமை. ரெண்டும் வெள்ளிக்கிழமையே வேணும்னா டெஸ்டிங்கைப் பாதியில விடணும், அதுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன்." இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வழி இரண்டு இருக்கிறது, எதற்கு என்ன விலை என்று சொல்லியாகிவிட்டது, தேர்ந்தெடுப்பது அவர். லீடுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுப்பதே இப்படி ஒரு பதில் கிடைக்கத்தான்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் குறிப்பு எழுதுகிற ரிவ்யூவில் நான் பார்க்கிற பெரிய குறை, கமெண்டுகள் எல்லாம் இடைவெளியையும் பெயரையும் பற்றியே இருப்பது. "இந்த வேரியபிள் பெயரை மாற்றவும்" என்று பதினைந்து கமெண்ட், ஆனால் வங்கி பதில் சொல்லாத இடத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை. எழுத்துப்பிழை மாதிரியான விஷயத்தையெல்லாம் தானாகச் சரிபார்க்கிற கருவிகள் இருக்கின்றன, அதற்கு விட்டுவிடலாம். ஏஐ கருவிகள் வந்த பிறகு ஒரு ஜூனியர் ஒரே நாளில் ஆயிரம் வரியைக் கொண்டுவந்து ரிவ்யூவுக்கு வைக்க முடிகிறது, அவ்வளவையும் ஒருவர் உட்கார்ந்து கவனமாகப் படிக்க முடியாது. சின்னதாகப் பிரித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். "இந்த இடத்துல பதில் ரெண்டு தடவை வந்தா என்ன ஆகும்பா?" என்று எழுதியவரையே விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடியவில்லை என்றால், கருவி எழுதினாலும் அவரே எழுதினாலும் அது உள்ளே போகக் கூடாது.

ஆட்களைப் பார்த்துக்கொள்வது என்று பொதுவாகச் சொல்வார்கள், அது எவ்வளவு திட்டவட்டமான வேலை என்று 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெரிந்தது. வடசென்னையில் பல இடங்களில் தெருவில் தண்ணீர், கரண்ட் இல்லை, போனுக்கு சார்ஜ் இல்லை, எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. வியாசர்பாடியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர் தினசரி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் வரவில்லை என்று யாரும் கேட்கவே கூடாது. ஆனால் அந்த வாரம் புரொடக்‌ஷனை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு புயலுக்கு முந்தைய வாரமே பதில் இருந்திருக்க வேண்டும். குழுவில் யார் எந்தப் பகுதியில் இருக்கிறார்கள், பெங்களூரிலோ கோவையிலோ இருக்கிற யாரிடம் அனுமதிகளும் குறிப்புகளும் இருக்கின்றன, நவம்பர், டிசம்பரில் பெரிய ரிலீஸ் எதையும் வைக்காமல் இருக்க முடியுமா என்று செப்டம்பரிலேயே பார்த்து வைக்கலாம். ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று குழுவில் எது இருந்தாலும், மழைக்கு முன்னால் அதை இரண்டாவது ஆளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, சரி என்று சொல்வதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை. லீவு அனுமதிப்பதும் அப்ரைசலும் உங்கள் கையிலா மேனேஜர் கையிலா? பல கம்பெனிகளில் லீடுக்கு அந்த அதிகாரம் கிடையாது, ஆனால் பொறுப்பு மட்டும் இருப்பதாக நடத்துவார்கள். வாரத்தில் எவ்வளவு நேரம் நீங்கள் கோடிங் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? என்னைக் கேட்டால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் பிடி விட்டுப்போகும். அமெரிக்க நேரத்துக்கு ராத்திரியில் நடக்கிற கிளையன்ட் மீட்டிங் வாரத்தில் எத்தனை? நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் இங்கே கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. தெற்கே சிறுசேரியிலோ சோழிங்கநல்லூரிலோ மீட்டிங் முடித்துத் திருவொற்றியூர் திரும்புகிறவருக்கு அது நள்ளிரவு, அதனால் எந்த நாள் வீட்டிலிருந்து என்று இப்போதே பேச வேண்டும், பெண்கள் விஷயத்தில் கேப் வசதியோடு சேர்த்துப் பேச வேண்டும். இந்த ரிலீஸ் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அது நிற்குமா, மேலே ஒருவர் தட்டிவிட முடியுமா? தட்டிவிட முடியும் என்றால் அது யார், அதை அவர் எழுத்தில் தருவாரா?

பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரும் வழியையும் கேட்டு வையுங்கள். மேனேஜர் பாதைக்கே போகாமல் ஸ்டாஃப், பிரின்சிபல் என்று இன்ஜினியராகவே மேலே போகிற வழி இப்போது நிறைய இடங்களில் இருக்கிறது, சம்பளமும் குறைவதில்லை. எங்கள் பக்கம் அதைவிடக் கஷ்டம் வீட்டில் சொல்வதுதான், லீட் ஆனதற்குத் தெருவுக்கே ஸ்வீட் கொடுத்திருப்பார்கள். அதனால் ஆறு மாதம் பார்த்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம், வேண்டாம் என்றால் அதே சம்பளத்தில் சீனியர் இன்ஜினியராகத் தொடரலாம் என்று முதல் வாரத்திலேயே மேனேஜரிடம் பேசி, பேசியதை அன்றைக்கே மெயிலில் போட்டு அவரிடமிருந்து ஒரு பதில் வாங்கி வைத்துவிடுங்கள்.